முப்பது நாள் ஓய்வெடுத்த பெட்டி

அன்று மாலை ஆறு நாற்பதுக்கு நான்காம் வார்டின் கோடி அறையில் இருந்தவர்கள்: தொண்டையில் குழாய் வைத்துப் படுத்திருந்த, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருடைய மனைவி. வார்டு சிஸ்டர். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் வார்டு உதவியாளர். எதைக் கேட்டாலும் முதலில் கையெழுத்துக் கேட்பதால் ‘கையெழுத்து’ என்றே பெயராகிப்போன ஸ்டோர் கிளார்க். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கான என் தம்பி. கடைசியாக, நான்.

எண்ணினால் ஏழு வரும். விசாரணை அறிக்கை ஆறு என்கிறது. இருபத்திரண்டு பக்க அறிக்கையில் முதல் பக்கத்திலேயே கணக்குத் தவறு. நான் எடையளவுத் துறையில் முப்பத்துநான்கு வருஷம் ஆய்வாளராக இருந்தவன். தராசு சரியாக இருந்தால் ஈய முத்திரை வைப்பதும், வைத்த முத்திரையை எவனாவது உடைத்திருந்தால் அவனைத் தேடிப் பிடிப்பதும் என் வேலை. எடையைக் குறைத்துக் காட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆளையே குறைத்துக் காட்டுகிறவர்களைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

எங்கள் குடும்பத்தில் யாரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டதில்லை. எங்கள் அப்பா ரயில்வே சிக்னல் கேபினில் முப்பது வருஷம் நின்றவர். ஒரு நெம்புகோலைக் கைதவறி இழுத்தவரில்லை. தம்பிக்கு ஐம்பத்தேழு வயது. ஓய்வுபெற நான்கு மாதம் இருந்தது. அப்படிப்பட்டவனை, முத்திரை உடைத்தவன் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஆகவேதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் அவசர மின்சக்திக் குழு என்று ஒன்று உண்டு. மின்சாரம் போனால் உயிர்காக்கும் கருவிகள் நிற்காமல் பார்த்துக்கொள்வது அதன் பொறுப்பு. குழுத் தலைவர் அதற்கு முன்பு சலவைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அங்கே போர்வைகளை எண்ணிக்கை குறையாமல் காத்தார் என்பதற்காக இங்கே கொண்டுவந்தார்கள்.

குழுவின் வேலை முறை இது. புது பேட்டரி வந்தால் எட்டு மணி நேரம் மின்னேற்றம். அதன் பிறகு முப்பது நாள் ஓய்வு. முப்பதாம் நாள் சோதித்துப் பார்த்து, மின்சாரம் மிச்சம் இருந்தால் பச்சை வில்லை ஒட்டுவார்கள். வில்லைக்கு ஆயுள் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷம் யாரும் அந்த பேட்டரியைத் தொடக் கூடாது; தொட்டால் வில்லை செல்லாது. தொடாமல், ஏற்றாமல், அலமாரியில் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கும் பேட்டரி செத்துப்போகும். இதைத் தம்பி பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாதம் ஒரு முறையாவது சார்ஜ் போடலாமே என்று ஒரு தடவை எழுத்துமூலம் கேட்டதற்குத் தலைவர் நேரில் கூப்பிட்டுப் பதில் சொன்னார்:

“பச்சை ஒட்டின பேட்டரிக்கு சார்ஜ் போட்டா, அது நல்லா இல்லைன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும்பா.”

முந்தின வருஷம் ஒரு மின்தடையின்போது, பச்சை ஒட்டிய பேட்டரி ஒன்று நாற்பது விநாடி ஓடி நின்றது. அந்தக் கட்டிலில் இருந்தவரைப் பற்றித் தம்பி வீட்டில் பேசுவதில்லை. அதற்கு அடுத்த மாதம் அவன் ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்தான்.

செய்து முடித்ததும் முதலில் என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தான். மதிய உணவுத் தூக்குப் பெட்டி அளவு இருக்கும். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, பழைய தையல் மெஷினில் இருப்பது போல. மேலே ஒரு சிறிய விளக்கு.

“இது பேட்டரி இல்லண்ணே. சூப்பர் கெப்பாசிட்டர். பேட்டரிக்குள்ள ரசாயனம் மெதுவா வேலை செய்யணும், அதான் ஏற அவ்வளவு நேரம். இது கரண்ட்டை வாங்கி அப்படியே வெச்சுக்கும். மூணு நிமிஷத்துல நிறைஞ்சுடும்.”

“எவ்வளவு நேரம் ஓடும்?”

“சளி உறிஞ்சற பம்பை விடாம ஓட்டினா பத்துப் பன்னெண்டு நிமிஷம்.”

“பேட்டரி?”

“ரெண்டு மணி நேரம். உயிரோட இருந்தா.”

“குறையைச் சொல்லு.”

தராசு கொண்டுவருகிற எல்லோரையும் நான் கேட்கும் கேள்வி அது. அவன் மறைக்கவில்லை. “சும்மா வெச்சா வடியும். மாசக்கணக்குல வெச்சா பாதிக்கு மேல போயிடும். ஆனா காலியானா என்ன? இந்தக் கைப்பிடியை ரெண்டு நிமிஷம் சுத்தினா ஒரு தடவை சளி எடுக்கற அளவுக்கு வந்துடும். செத்த பேட்டரியை நாள் பூரா சுத்தினாலும் வராது. லட்சக்கணக்கான தடவை நிரப்பலாம், காலி பண்ணலாம். நமக்கு அப்புறமும் இருக்கும்.”

என் வீட்டுக்காரி காபியை வைத்துக்கொண்டே சொன்னாள்: “நமக்கு அப்புறமும் இருக்கற சாமானை இங்க வெக்காதீங்க தம்பி. உங்க அண்ணன் அதுக்கும் ஒரு முத்திரை குத்தி, யாரையும் தொட விடமாட்டார்.”

தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. “முறைப்படி விண்ணப்பம் போடு” என்றேன். அதைச் சொன்னது நான்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முறைப்படி விண்ணப்பம் போட்டான். படிவத்தில் ‘பேட்டரியின் வகை’ என்று ஒரு கட்டம். தம்பி ‘பேட்டரி அல்ல’ என்று எழுதினான். படிவம் திரும்பி வந்தது. பேட்டரி அல்லாத ஒன்று பேட்டரிப் படிவத்தில் வர முடியாது என்றார்கள். வேறு படிவம் கேட்டான். அவசர மின்சக்திக்கு ஒரே படிவம்தான், அது இதுதான் என்றார்கள். கடைசியில் ‘பேட்டரி (இதரவை)’ என்று எழுதிக் கொடுத்தான். எழுதிய நிமிஷத்திலிருந்து அது பேட்டரி ஆயிற்று.

பதினோராவது கட்டம், காலாவதி ஆகும் தேதி. தம்பி ‘சுமார் ஐந்து லட்சம் முறை பயன்படுத்திய பின்’ என்று எழுதியிருந்தான். குழு அவனைக் கூப்பிட்டது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்.

“எப்ப சாகும்னு சொல்லு.”

“சுலபத்துல சாகாது சார்.”

“அதான்பா பிரச்சினை. எல்லாத்துக்கும் ஒரு தேதி வேணும். நானே அடுத்த வருஷம் மார்ச்ல போறேன். எனக்கே தேதி இருக்கு, உன் டப்பாவுக்கு இல்லையா? பேட்டரியைப் பாரு, எவ்வளவு ஒழுங்கு! மூணு வருஷம்னு போட்டா ஒரு வருஷத்துல போயிடுது. ஒருநாள் கூட இழுத்தடிச்சது கிடையாது. அது போனாத்தான் அடுத்தது வரும். அடுத்தது வந்தாத்தான் சோதனை நடக்கும். சோதனை நடந்தாத்தான் குழு கூடும். இப்ப நீ சாகாத ஒண்ணைக் கொண்டாந்து வெச்சா, நாங்கல்லாம் எதுக்கு?”

இதை அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பி கட்டத்தில் ஒரு தேதியைப் போட்டான். அவனுடைய ஓய்வு நாளையே போட்டான். சட்டென்று நினைவுக்கு வந்த தேதி அதுதானாம்.

அடுத்தது மின்னேற்றம். விதிப்படி எட்டு மணி நேரம். மணிக்கு ஒரு முறை நிலையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். மேற்பார்வைக்குக் குழு உறுப்பினர் இருவர், உதவிக்கு ஒருவர். காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைச் சொருகினார்கள். ஒன்பது மூன்றுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

“நிறைஞ்சுடுச்சு சார், எடுத்துடலாம்” என்றான் தம்பி.

“இன்னும் எட்டு கட்டம் எழுதணும்.”

“நிறைஞ்சதுக்கு மேல ஏறாது சார். அதுவே நிறுத்திக்கும்.”

“அது நிறுத்திக்கும்பா. பதிவேடு நிறுத்திக்காதே.”

எட்டு மணி நேரமும் அவர்கள் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு ‘ஏறிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதினார்கள். பதினொன்றுக்கும் அதே. மதியச் சாப்பாட்டுக்கு முறைவைத்துப் போய்வந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு எழுதியது: ‘நிறைவடைந்தது. எதிர்பார்த்ததைவிட மெதுவாக ஏறுகிறது.’

அதன் பிறகு ஓய்வு. இங்கேதான் தம்பி முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான் என்கிறார்கள். முப்பது நாள் சும்மா வைத்தால் இது வடியும், அதன் இயல்பு அது, சோதனைக்கு மூன்று நிமிஷம் முன்பு சார்ஜ் போட விடுங்கள், இல்லை கைப்பிடியையாவது சுற்ற விடுங்கள் என்று கேட்டான்.

தலைவருக்கு உண்மையாகவே மனம் புண்பட்டது. “சோதனைக்கு முன்னாடி சார்ஜ் போடறதா? பரீட்சை ஹால்ல புத்தகத்தைத் திறந்து வெக்கற மாதிரி. நாப்பது வருஷமா எந்த பேட்டரியும் எங்ககிட்ட அப்படிக் கேட்டதில்ல.”

“அவசரத்துக்குன்னு செஞ்சது சார். மூணு நிமிஷத்துல தயாராகறதுதான் இதோட குணமே.”

“அவசர மின்சக்தி வேற, அவசரப்படறது வேற. போ.”

பெட்டி நான்காம் வார்டின் கோடி அறை அலமாரிக்குப் போனது. அந்த அறையில்தான் சளி உறிஞ்சும் பம்பும் அதற்கான பச்சை வில்லை பேட்டரிகளும் இருந்தன. ‘பயன்பாட்டுச் சூழலிலேயே ஓய்வு’ என்பது விதி. அலமாரிக்குப் பூட்டுக் கிடையாது. பூட்டு என்றால் சாவி வேண்டும், சாவிக்குப் பொறுப்பாளர் வேண்டும், அந்தப் பதவி மூன்று வருஷமாகக் காலி. ஆகவே தாழ்ப்பாளில் கம்பி முறுக்கி ஈய முத்திரை. தலைவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. ஓய்வுக் காலத்தில் பெட்டியையோ முத்திரையையோ தொடமாட்டேன் என்று தம்பியிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

முன்பு அந்த அறையில் காலால் மிதிக்கும் பம்பு ஒன்று இருந்தது. கரண்டே வேண்டாம், மிதித்தால் உறிஞ்சும். அதில் பேட்டரி இல்லாததால் பேட்டரிப் பதிவேட்டில் அதை ஏற்ற முடியவில்லை. பதிவேட்டில் இல்லாத அவசரக் கருவியை வார்டில் வைக்க முடியாது. எடுத்துப் போய்விட்டார்கள்.

இதற்குள் வெளியில் பேச்சு கிளம்பிவிட்டது. ‘தாமாகவே கருவி செய்யும் ஊழியர்கள் கவனத்திற்கு’ என்று ஒரு சுற்றறிக்கை; கீழே உதாரணத்துக்குத் தம்பியின் பதவியைப் போட்டிருந்தார்கள். அந்தப் பதவியில் அவன் ஒருவன்தான். ஒரு நிச்சயதார்த்தத்தில் என் மைத்துனன் நாலு பேர் நடுவில் கேட்டான்: “என்ன மாமா, உங்க தம்பி ஆஸ்பத்திரில வெடி செஞ்சு வெச்சிருக்கானாமே?” எல்லோரும் சிரித்தார்கள். நான் இலையிலிருந்து எழுந்துவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பெயர் இப்படிச் சிரிப்பாய்ச் சிரிப்பதை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் ஒரு கடிதம் டைப் செய்தேன். ‘என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குழுவின் நேரத்தை வீணடித்தமைக்கு வருந்துகிறேன்.’ தம்பி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெட்டி ஓய்வுக்குப் போய் இருபத்தேழு நாள் ஆகியிருந்தது.

பார்வை நேரம் ஆறு மணியோடு முடிந்துவிட்டது. வாசலில் இருந்தவர் என்னை அறிவார். தம்பி நான்காம் வார்டில் இருக்கிறான், போங்கள் என்றார். போனேன். தம்பி கோடி அறையில் பம்பின் குழாயை மாற்றிக்கொண்டிருந்தான். ஸ்டோர் கிளார்க் மாற்றிய குழாய்க்காக ரிஜிஸ்டரோடு நின்றுகொண்டிருந்தார். டிரைவரின் மனைவி கணவரின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடு” என்று கடிதத்தை நீட்டினேன்.

தம்பி படித்தான். “நீங்களே எழுதினீங்களா?”

“ஆமாம்.”

“நல்லா இருக்குண்ணே. ஒரு பிழை இல்ல” என்றான். பேனாவைத் தேடினான். ஸ்டோர் கிளார்க் கையெழுத்து தன் பேனாவை நீட்டினார். தம்பி அதை வாங்கியபோது மின்சாரம் போனது.

மணி ஆறு நாற்பது. என் கைக்கடிகாரத்தில் இருட்டிலும் முள் தெரியும்.

இரண்டு நிமிஷத்தில் ஜெனரேட்டர் வர வேண்டும். வரவில்லை. அதைக் கிளப்பும் பேட்டரியும் பச்சை வில்லை ஒட்டியதுதான் என்று பிறகு தெரிந்தது. நெட்டை கைபேசி விளக்கைப் பிடித்தான். டிரைவரின் மூச்சு முதலில் களகளவென்றது. பிறகு விசில் மாதிரி ஆயிற்று. குழாயில் சளி அடைக்கிறது என்று சிஸ்டர் சொன்னார். பம்பை அழுத்தினார்; அதனுள்ளே இருந்த பேட்டரி ஒரு தடவை முனகி நின்றது.

“மாத்து பேட்டரி எடுங்க, சீக்கிரம்!”

“தேவைச் சீட்டு?” என்றார் கையெழுத்து.

“யோவ்!” என்றான் நெட்டை.

“என்னைத் திட்டாதப்பா. சீட்டு இல்லாம குடுத்தா நாளைக்கு என் தலை போகும்.”

சிஸ்டர் இருட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல் பேட்டரி வந்தது. ஒன்றும் இல்லை. இரண்டாவதற்குத் தனிச்சீட்டு. அதுவும் இல்லை. மூன்றாவதற்குச் சீட்டுக் கேட்க அவருக்கே வாய் வரவில்லை. அப்படியே எடுத்துக் கொடுத்தார். அதில் மட்டும் ஒரு பொட்டு விளக்கு எரிந்து அணைந்தது. மூன்றிலும் பச்சை வில்லை பளபளவென்று இருந்தது.

சிஸ்டர் ஊசிக் குழலை வைத்துக் கையால் சளியை இழுக்கப் பார்த்தார். கொஞ்சம் வந்தது. “போதாது” என்றார். டிரைவரின் கைகள் படுக்கை விரிப்பைப் பிடித்து இழுத்தன. வலது கால் எதையோ அழுத்துவது போல நீண்டது. நாற்பது வருஷம் பிரேக் மிதித்த கால்.

“ஐயா, யாராவது ஏதாவது பண்ணுங்கய்யா” என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார். கோட் போட்டிருந்ததால் என்னைப் பெரிய டாக்டர் என்று நினைத்துவிட்டார்.

தம்பி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கை தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது.

“எடுங்க சார்” என்றான் நெட்டை.

“எழுதிக் குடுத்திருக்கேன்டா.”

“தலைவருக்குப் போன் போடுங்க” என்றார் கையெழுத்து. தம்பி போட்டான். தலைவர் எடுத்தார். தம்பி சொல்லச் சொல்லக் கேட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம்.

“இன்னும் மூணு நாள்தானேப்பா இருக்கு?” என்றார்.

நான் முன்னால் போனேன். தம்பி என் கையைப் பிடித்தான்.

“அண்ணே, வேண்டாம். நான் எழுதிக் குடுத்தது. உங்களுக்கு எதுக்கு?”

“தள்ளு.”

“அண்ணே, முத்திரைண்ணே. நீங்க போய்...”

முத்திரைக் கம்பி ஈயத்துக்குள் நுழையும் இடத்தில், முறுக்குக்கு எதிராக ஒரு சுற்றுச் சுற்றினால் அறும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முப்பத்துநான்கு வருஷத்தில் நூற்றுக்கணக்கான களவாணிகள் செய்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வீட்டுச் சாவியை நுழைத்துத் திருகினேன். ஒரே திருகல்.

பெட்டியைத் தம்பி கையில் கொடுத்தேன். பாதிக்கும் கீழே வடிந்திருந்தது, அவன் சொன்னபடியே. கட்டிலடியில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினான். சிஸ்டர் பம்பைச் சொருகினார். பம்பு உறுமியது. ஆறு நாற்பத்தாறுக்கு முதல் தடவை சளி வந்தது. விசில் நின்றது. அந்த அறையில் கைப்பிடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ எங்கோ தைத்துக்கொண்டிருப்பது போல.

மின்சாரம் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அதுவரை தம்பியும் நெட்டையும் மாறி மாறிச் சுற்றினார்கள். ஒரு தடவை கையெழுத்தும் சுற்றினார். ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே. எத்தனை மணிக்கு எத்தனை தடவை சளி எடுத்தது என்று குறிக்க சிஸ்டர் தாள் கேட்டார். தம்பி கட்டில்மேல் போட்டிருந்த என் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் ஏழு தடவை நேரம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தன் முதலெழுத்தைப் போட்டார்.

டிரைவர் பிழைத்தார். ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார்.

அவர் பிழைத்ததுதான் விசாரணையில் தம்பிக்கு எதிராக முக்கியமான சாட்சியம் ஆயிற்று. தலைவர் கேட்டார்: “அவசரம்னு முத்திரையை உடைச்சேன்னு சொல்றே. நோயாளி நல்லா நடந்து வீட்டுக்குப் போயிருக்கார். அப்ப அங்க என்ன அவசரம் இருந்துச்சு? அவர் செத்துப் போயிருந்தா நானே உனக்காகப் பேசியிருப்பேன்.”

மின்தடை நீடித்ததையே அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெனரேட்டர் பதிவேட்டில் ‘இரண்டு நிமிடத்தில் இயங்கியது’ என்று அன்றைய கட்டத்தில் காலையிலேயே எழுதிக் கையொப்பம் போட்டிருந்தார்கள். மாதம் முழுவதற்கும் அப்படித்தான் எழுதி வைப்பார்களாம், வேலை மிச்சம்.

நான் நேரில் போனேன். முத்திரையை உடைத்தது நான் என்று எழுதி, கையொப்பமிட்டு, தேதி போட்டுக் கொடுத்தேன். தலைவர் மரியாதையாக நாற்காலி போட்டார்.

“சார், உங்க வயசுக்கு மரியாதை குடுக்கறேன். ஆனா பார்வை நேரம் ஆறு மணி. ஆறு மணிக்கு ‘அனைவரும் வெளியேறினர்’னு வாசல் பதிவேட்டுல இருக்கு. ஆறு நாற்பதுக்கு நீங்க உள்ள இல்ல.”

“இருந்தேன்.”

“பதிவேடு பொய் சொல்லாது சார். நீங்களே துறையில இருந்தவர்.”

“நான் உடைச்சேன்யா, இந்தக் கையால.”

“இல்லாத ஆளு எப்படி உடைக்க முடியும்? உடைஞ்சிருக்கு, சரி. இருந்தது ஆறு பேர். அதுல தொடமாட்டேன்னு எழுதிக் குடுத்தவர் ஒருத்தர்தான். தொடமாட்டேன்னு எழுதிக் குடுக்காதவங்க எதுக்கு சார் தொடணும்?”

சாட்சிக்கு சிஸ்டர் நேரம் குறித்த தாளைக் கொடுத்தேன். அது மட்டும்தான் என்னிடம் இருந்த ஆதாரம். தலைவர் அதை வாங்கினார், பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. முன்பக்கத்தை மெதுவாகப் படித்தார். முகம் மலர்ந்தது.

“இதை முன்னாடியே குடுத்திருக்கக் கூடாதா? விண்ணப்பம் வாபஸ். வருத்தமும் தெரிவிச்சிருக்கார். எவ்வளவு நல்லா எழுதியிருக்கார்!”

“அதுல கையெழுத்து இல்ல. அதை எழுதினது நான்.”

“நீங்க எழுதினா என்ன, அவர் எழுதினா என்ன. குடும்பமே ஒரே எண்ணத்துல இருக்குன்னு தெரியுது.”

கோப்பில் வைத்துத் துளை போட்டுக் கட்டிவிட்டார்கள். துளை இரண்டும் பின்பக்கத்தில் ஆறு நாற்பத்தாறின் மேலும் ஏழு மணி இரண்டின் மேலும் விழுந்தன.

விண்ணப்பம் வாபஸ் ஆனதால் பெட்டி ‘திரும்பப் பெறப்பட்ட பேட்டரி’ ஆயிற்று. செத்த பேட்டரிகளைப் போட்டு வைக்கும் அறையில் இருக்கிறது. முத்திரை உடைத்த குற்றத்துக்காகத் தம்பி நீக்கப்பட்டான். ஓய்வுக்கு இன்னும் மூன்று மாதம் பன்னிரண்டு நாள் இருந்தது. ஓய்வூதியம் கிடையாது. உத்தரவு வந்த அன்று அவன் மனைவி என்னிடம், “மாமா, நீங்க அந்த லெட்டரைக் கொண்டுவராம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். மீதியை நான் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி இப்போது வீட்டில் மிக்சி பழுது பார்க்கிறான். என்னோடு பேசுகிறான். அதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

தலைவர் மார்ச்சில் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில், தம் காலத்தில் ஒரு பச்சை வில்லை கூடக் கிழிந்ததில்லை என்று குரல் தழுதழுக்கச் சொன்னாராம். அறிவிப்புப் பலகையில் தம்பியின் நீக்க உத்தரவு இன்னும் இருக்கிறது. எடுத்துப் போடும் தேதியை யாரும் அதில் குறிக்கவில்லை.

கடைசியாக ஒரு விஷயம். உறவினர்கள் மத்தியில் இப்போது வேறு பேச்சு நடக்கிறது. முத்திரையை உடைத்தது தம்பிதான். தம்பி மேல் உள்ள பாசத்திலும் குடும்ப மானத்துக்காகவும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு பெரியவர் ஊரெல்லாம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அண்ணன் கிடைக்குமா என்று. போன வாரம் என் மைத்துனன் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் கண் கலங்கினான்.

அது தவறு. உடைத்தது நான். தம்பி வேண்டாம் என்றான்.